மூன்று மடிப்பு

டெய்லரம்மாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நாடக உடுப்புக்கு அளவெடுக்க மகளின் வகுப்பிலிருந்தே கூப்பிட்டிருந்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், அத்தனை பேரும் முயல்கள். ஐம்பத்தாறு வயதில், ஒண்டிக்கட்டையாக இருந்துகொண்டு குருவி என்ற ஐந்து வயதுச் சிறுமியைத் தத்தெடுத்தவள் அவள். ஒன்றரை வருடமாகப் பள்ளி வாசலோடு திரும்பியவள், இன்றைக்குத்தான் வகுப்புக்குள் நுழைகிறாள்.

சந்தோஷத்துக்கு நடுவே ஒரு பயமும் இருந்தது. தன் நரையைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்து, இந்த அம்மா வேண்டாம் என்று குருவிக்கு ஒரு நொடி தோன்றிவிட்டால்? அதற்காகவே முந்தின நாள் தலைக்கு டை அடித்தாள். அடித்த லட்சணத்தில் தலையைவிட நெற்றிதான் அதிகம் கறுத்திருந்தது.

"தோள் பதினொண்ணு, நீளம் இருபத்தாறு" என்று அவள் சொல்லச் சொல்ல, குருவி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

முதல் பையன் கையைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "நீங்க குருவியோட பாட்டியா?"

"அம்மாடா கண்ணு."

"அப்புறம் ஏன் கிழவியா இருக்கீங்க?"

"கொஞ்சம் முன்னாடியே பொறந்துட்டேன், என்ன பண்றது!"

வகுப்பே சிரித்தது. "நெத்தியில என்ன கறுப்பு?" என்றாள் அடுத்தவள்.

"டை. வழிஞ்சிடுச்சு" என்று குருவியே காட்டிக்கொடுத்தாள். டெய்லரம்மாவின் மானம் கப்பலேறியது.

"குருவி உங்க வயித்துலேர்ந்து வரலியாமே?"

"இல்ல. கையெழுத்துப் போட்டு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"நடந்தேவா?"

"பஸ்ல! ஜன்னல் சீட்டு!" என்றாள் குருவி பெருமையாக.

பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்று டெய்லரம்மா மூச்சு விட்ட நேரம், முன்பல் விழுந்த ஒரு சிறுமி டேப்புக்குள் நின்றபடி அண்ணாந்து பார்த்தாள். "வயசானவங்க செத்துடுவாங்கல்ல? நீங்களும் சீக்கிரம் செத்துடுவீங்களா?"

டீச்சர் "உஷ்!" என்று எழுந்தார். தத்தெடுக்கும்போது அதிகாரிகள் கேட்ட நூறு கேள்விக்குப் பதில் சொன்ன டெய்லரம்மா, சிறுமியின் மேலிருந்த டேப்பை உருவிச் சுருட்டத் தொடங்கினாள். மகளைப் பார்க்கவே பயந்தாள்.

குருவி பென்சிலைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று வந்து, தன் சீருடைப் பாவாடையின் கீழ்ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே மடித்துத் தைத்த மூன்று மடிப்புகள்.

"இது ஏழு வயசுக்கு. இது எட்டுக்கு. இது ஒன்பதுக்கு. நான் வளர வளர ஒவ்வொண்ணா எங்கம்மாதான் பிரிச்சு விடணும். வேலை கெடக்குல்ல, அதுக்குள்ள எப்படிச் சாவாங்க?"

முன்பல் விழுந்தவள் யோசித்தாள். குனிந்து தன் பாவாடையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த நொடி கூரை பிய்த்துக்கொள்ளும்படி அலறினாள்.

"எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்காங்க!"

அவ்வளவுதான். இருபத்திரண்டு பிள்ளைகளும் பாவாடையையும் கால்சட்டையையும் திருப்பிப் பார்க்க, வகுப்பு ரெண்டுபட்டது. டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். குருவி அழுதவளின் தோளில் கைபோட்டாள். "அழாத. எங்கம்மா உனக்கும் வச்சுத் தருவாங்க."

டெய்லரம்மா சிரித்தாள், அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைக்கப்போய் டையை இன்னும் இழுவிக்கொண்டாள். "எழுதிக்கோ குருவி. முயல் உடுப்பு எல்லாத்துக்கும் நாலு நாலு மடிப்பு!"

பிள்ளைகள் குதித்தார்கள். குருவி எழுதினாள். பிறகு அம்மாவின் காதைக் கீழே இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"எனக்கு மட்டும் இருபதுன்னு எழுதிக்கிட்டேம்மா."