ஒரே பாயில் இரண்டு ஜெபங்கள்

கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மழை விட்டிருந்தது. வெயில் மட்டும் இன்னும் வரவில்லை.

புயலுக்குப் பிறகு கரை திரும்பாத வள்ளம் ஒன்றே ஒன்று. அதில் போனவர்கள் இரண்டு பேர். டெல்பினின் கணவன் கிளீட்டஸ். எப்சிபாவின் கணவன் பெர்னாட்.

ஒரே வள்ளம். வேறு வேறு கோயில். பெர்னாட் குடும்பம் மாதா கோயிலை விட்டு ஜெபவீட்டுக்குப் போன நாளிலிருந்து பெண்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆண்கள் மட்டும் கடலில் ஒரே பாத்திரத்தில் சோறு தின்றார்கள்.

இன்று மூன்று சபைகளும் கடற்கரையில் ஒரே பந்தல் போட்டிருந்தன. மாதா கோயில் ஃபாதர். சி.எஸ்.ஐ. போதகர். ஜெபவீட்டுப் பாஸ்டர். விடியலிலிருந்து விடாத ஜெபம்.

ஜெபமாலை ஓயும்போது பாட்டு. பாட்டு ஓயும்போது கண்ணீர் ஜெபம். அதுவும் ஓயும்போது அலை.

இருவரையும் யாரோ ஒரே பாயில் உட்காரவைத்தார்கள். நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி.

மத்தியானம் மழை மறுபடியும் வந்தது. பந்தல் ஒரு பக்கம் ஒழுகியது. எப்சிபா நனைந்துகொண்டே இருந்தாள். டெல்பின் பார்த்தாள். பார்க்காதது போல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

"இஞ்ச தள்ளி இரிட்டி."

எப்சிபா தள்ளி உட்கார்ந்தாள். ஈரத் தோளோடு தோள்.

அப்போதுதான் ஃபாதரின் போன் அடித்தது. பாட்டு பாதியில் நின்றது.

"வள்ளம் கிடைச்சிருக்கு. அதுல ஒருத்தர் உயிரோட இருக்காரு. ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடக்காராம். யாருன்னு தெரியல."

ஒருத்தர்.

பந்தல் முழுவதும் முழங்காலில் நின்றது. டெல்பினின் உதடு மாதாவை அழைத்தது. நெஞ்சு வேறொன்று கேட்டது. எனக்க ஆளா இருக்கணும். எனக்க ஆளா இருக்கணும்.

அப்படியென்றால் இவளுடைய ஆள்? நினைப்பை அங்கேயே நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

பக்கத்தில் எப்சிபாவின் உதடும் அசைந்தது. சத்தமில்லை. ஆனாலும் அவள் என்ன கேட்கிறாள் என்று டெல்பினுக்குத் தெரிந்தது.

யார் கையை யார் முதலில் பிடித்தார்கள் என்பது இருவருக்கும் தெரியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் போன் மறுபடி அடித்தது. ஃபாதர் கேட்டுக்கொண்டே நின்றார். டெல்பின் பக்கம் திரும்பவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"பெர்னாட் கண்ணு முழிச்சிட்டான்," என்றார். குரல் இறங்கியது. "கிளீட்டஸை அலை அடிச்சிட்டுப் போனத அவன் கண்ணால கண்டானாம்."

ஜெபவீட்டுப் பாஸ்டரின் கைகள் தானாக உயர்ந்தன. "ஸ்தோத்திரம்..." என்று தொடங்கினார்.

"வேண்டாம் பாஸ்டர்," என்றாள் எப்சிபா. "இஞ்ச வச்சு வேண்டாம்."

கைகள் தாழ்ந்தன.

எப்சிபா எழவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. "அக்கா," என்றாள்.

டெல்பின் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நீ போட்டி. அவன் அங்க ஒத்தைக்குக் கிடப்பான்." அவளை எழுப்பிவிட்டாள். "எனக்க ஆளு கடைசியா என்ன சொன்னாருன்னு அவன்ட்ட கேளு. இன்னைக்கு வேண்டாம். பெறவு கேளு."

எப்சிபாவை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. பாயில் டெல்பின் மட்டும்.

பாடுவதா, எழுந்து போவதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபாதர் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"டெல்பின், இனி என்ன சொல்லி ஜெபிக்க?"

அவள் கடலைப் பார்த்தாள்.

"உடம்பாவது கரைக்கு வரணும்னு கேளுங்க ஃபாதர்."

மூன்று சபைகளும் அதையே கேட்டன.