அங்கியைத் தொட்டவர்கள்

திசையன்விளையிலிருந்து நல்லூர் சபைக்கு மாற்றலாகி வந்த முதல் ஞாயிறு, பரிசுத்தத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தேன். எங்கள் ஊரில் அந்தப் பிரசங்கத்துக்கு மூன்று பேராவது அழுவார்கள். இங்கே ஒருவரும் அழவில்லை. ஆனால் அத்தனை பேரும் கண் கொட்டாமல் என்னையே பார்த்தார்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் இந்த ஜனங்களுக்கு இவ்வளவு வாஞ்சையா என்று பூரித்துப்போனேன்.

ஆராதனை முடிந்ததும் ஜெபத்துக்கு வரிசையில் வந்தார்கள். கண்ணை மூடி, ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தேன். அவர்கள் என் வெள்ளை அங்கியைத் தொட்டதை விசுவாசம் என்றே நினைத்தேன்.

வீட்டில் அங்கியைக் கழற்றினால், பதினேழு இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கம்பெனியில் துணியில் பிழை கண்ட இடத்தில் ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர்.

எனக்கு வந்த கோபத்தைப் பரிசுத்தத்தில் சேர்க்க முடியாது. சபையின் மூத்த விசுவாசியும் கம்பெனியில் பிழை பார்க்கும் செக்கிங் சூப்பர்வைசருமான ரெபெக்காளை வரச்சொன்னேன்.

"ஏம்மா, இது என்ன?"

"தப்பா நெனச்சுக்காதீங்க பாஸ்டர். ஸ்டிக்கர் எந்நேரமும் எங்க எல்லார் கைப்பையிலயும் கெடக்குதுங்க. பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. காலர்ல தையல் உட்டுப்போச்சுங்க. எடது கை அரை இஞ்ச் நீளமுங்க."

"அங்கி கிடக்கட்டும். பிரசங்கம் எப்படிம்மா இருந்துச்சு?"

ரெபெக்காள் கைப்பையைத் திறந்து, ஸ்டிக்கர் ரோலை முழுசாக என் மேசைமேல் வைத்தார்.

"ஸ்தோத்திரமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.