நண்பகலில் மூடிய டெய்சிகள்

மூர்டலிங்கில் மழை நின்ற நான்காம் ஆண்டு, நோலீன் பிரவுஸ் வீட்டுத் தோட்டத்துக் காகித டெய்சிப் பூக்கள், ஊரில் மறைவாக அழுகிறவர்களுக்காக மூடிக்கொள்ளத் தொடங்கின. அவள் அதைப் புரிந்துகொள்வதற்குள் ஓர் உயிர் போய்விட்டது.

ஆண்டுதோறும் ஏப்ரலில் விதையை உலர்ந்த மணலோடு கலந்து வீட்டைச் சுற்றித் தூவிவிடுவாள். எரு கிடையாது; பாத்திரம் கழுவிய நீர்தான். கோதுமை வயல்கள் செம்மண்ணாய்ப் பறந்த காலத்திலும் அவை இளஞ்சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூத்து, காற்றில் காகிதம்போல் சலசலத்தன. காற்றில் ஈரம் தட்டினால் அந்தப் பூ இதழ் மூடும். மூடினால் மழை என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. ஆகவே செப்டம்பரில் ஒரு நண்பகல், மேற்கு வேலியோரப் புதர் இறுக மூடியதும், அந்த வேலிக்கு அப்பாலிருந்த பக்கத்துப் பண்ணைக்கார மெர்வை அவள் கூவி அழைத்தாள். அவன் முந்நூறு ஆடுகளைச் சந்தைக்கு அனுப்ப லாரி சொல்லியிருந்தான்.

"மெர்வ், லாரிய வேணாம்னு சொல்லிடு. மழை வருது!"

"உன் பூ சொன்னா சரிதான். ரேடியோக்காரன் நாலு வருஷமா புளுகினது போதும்."

மழை வரவில்லை. தீவனமின்றி ஆடுகளுக்குக் கால் தளர்ந்தது. நிற்க முடியாத ஆட்டை லாரிக்காரர்கள் ஏற்றுவதில்லை. பதினோராம் நாள் மெர்வ் அவற்றைத் தானே சுட்டுக் குழியில் தள்ளினான். அந்தப் பதினொரு நாளும் புதர் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மலர்ந்து நின்றது. அன்றுதான் மெர்வின் தம்பி கெல்வின், ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில், உயிரை மாய்த்துக்கொண்ட அண்ணனின் உடலைக் கண்டான். மறைவாக அழுதவனே இல்லாததால் பூ திறந்தது என்று அடக்கத்தின்போது நோலீனுக்கு விளங்கியது.

அதன்பின் அவள் தேவாலயத்தில் மழை கேட்கவில்லை. நடக்கக் கால்களைக் கேட்டாள். எந்தத் திசைப் புதர் மூடுகிறதோ அந்தத் திசை வீட்டுக்கு ஒரு தட்டு ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டு போனாள். ஓர் ஆணிடம் அழுகிறாயா என்று அங்கே கேட்க முடியாது. தட்டோடு வருகிறவளுக்கு யாரும் கதவைச் சாத்துவதும் இல்லை. தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அவள் பெயர் எழுதியிருக்கும். அதை வெறுந்தட்டாகத் திருப்பித் தருவது அவ்வூரில் வழக்கமில்லை. ஆகவே தட்டு வாங்கியவன், அதை நிரப்பித் தர அடுத்த வாரம்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். இரண்டு ஆண்டுகளில் பதினான்கு தட்டுகள் போயின. பதின்மூன்று திரும்பின.

ஆறாம் ஆண்டு வாசற்படி ஓரத்துப் புதர் மூடியது. அது எந்தத் திசை என்று தெரியாமல் நோலீன் நான்கு வீடுகளுக்குப் போய்வந்தாள். எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள். திரும்பியபோது கெல்வின் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில், அதுவரை திரும்பாத பதினான்காம் தட்டு, ஸ்கோன் நிறைய.

"அழறது யாருன்னே தெரியலப்பா," என்றாள்.

"அது உங்க வாசல், நோலீன். எங்க அண்ணனுக்காக நீங்க மறைவா அழறது உங்களுக்கே தெரியலையா?"

அவள் கதவைத் திறந்தாள்.

"டீ போடுங்க. நானே சுட்டது. கரிஞ்சத எல்லாம் நான் திங்கிறேன்."

"எல்லாமே கரிஞ்சிருக்கு, கெல்வின்."

"அப்ப பாதிப் பாதி."

இரண்டாம் கோப்பை முடியும்போது புதர் பாதி திறந்திருந்தது. அது அதற்கு மேல் ஒருநாளும் திறக்கவில்லை. அவள் விதையும் தட்டு வழக்கமும் ஊரெங்கும் பரவியபின், மழை அடுத்த ஆண்டு ஜூனில் வந்தது. அன்று ஊரிலுள்ள டெய்சிகள் எல்லாம் மூடின. மக்கள் அப்போதும் முதலில் தட்டுகளைத்தான் எடுத்தார்கள்.