ஷரபுதீனுக்கு ஒரு நிமிடம்

எங்கள் சிலிபின் கால்பந்துக் குழுவின் கோல் காப்பாளர், அதாவது கோலி, ஷரபுதீன் மலேரியாவில் இறந்த மூன்றாவது வாரம், சிம்பாங் பூலாய்த் தோட்டக் குழுவோடு ஆட்டம் வந்தது. மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அரிசி இல்லை, துணி இல்லை, மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை இல்லை. கால்பந்துக்கு மட்டும் உடனே அனுமதி கிடைத்தது. மக்கள் மகிழ்ச்சியாக இருப்பதற்கு ஏதாவது ஒரு சான்று வேண்டும் அல்லவா?

ஷரபுதீனை நல்ல கோலி என்று சொல்ல முடியாது. நீளமான கைகள், தங்கமான மனசு. பந்து வரும் நேரத்தில் மட்டும் வேறு ஏதோ யோசனையில் இருப்பார். தோட்டத்துக்காரர்கள் பத்து வருடமாக அவரைச் 'சல்லடை' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் பத்துமலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஆனால் அவருடைய உண்மையான தொழில் கத்துவது. அவர் கத்தினால் பந்தே ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கும் என்பார்கள்.

ஷரபுதீனின் வீடு சிலிபின் திடலை ஒட்டி, வடக்குக் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால். பலகைச் சுவர். அவர் மனைவி ஜொஹரா பீவி, கணவனை இழந்தவர்களுக்கான இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. ஆட்டத்தைப் பார்க்க முடியாது. கேட்காமலும் இருக்க முடியாது.

"தோட்டத்துக்காரங்க நாயித்துக்கெழம வந்து அவரு பேரச் சொல்லி சிரிப்பாங்களா தம்பி?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

கேட்கப்பட்டவர் சொக்கநாதன். ஷரபுதீனுக்கு முன்னால் பத்து வருடம் தடுப்பாட்டக்காரராக நின்றவர். அதாவது எல்லாக் கோல்களுக்கும் பாதிப் பொறுப்பு அவருடையது.

"ஒரு வார்த்த வராதுக்கா. திடலே எந்திரிச்சு ஒரு நிமிஷம் சத்தமில்லாம நிக்கும். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

முதலில் கால்பந்துக் கழகத் தலைவர் மெய்யப்பனிடம் போனார். மெய்யப்பன் பந்தைக் காலால் தொட்டவரல்லர். கழகத்தை வாயாலேயே வளர்த்தவர். நிப்பொங்கோ என்னும் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் பத்து நாள் போய்ப் பன்னிரண்டு வார்த்தை கற்றிருந்தார். பழைய ரப்பர் விற்பனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஏற்கெனவே நாலு பக்க இரங்கலுரை தயாராக இருந்தது. முதல் பக்கம் ஜப்பான் சக்கரவர்த்தி. இரண்டாம் பக்கம் ஆசியாவின் எழுச்சி. மூன்றாம் பக்கம் தம்முடைய ஆறாண்டுத் தலைமை. நாலாம் பக்கம் மரவள்ளிக்கிழங்கு பயிரிடுவதன் மேன்மை. அதன் அடியில் இடமிருந்ததால் ஷரபுதீன்.

"அண்ணே, பேசாம நிக்கறதுதான் மரியாத."

"பேசாம நிக்கறதுக்குத் தலைவர் எதுக்குலா?" என்றார் மெய்யப்பன். நியாயமான கேள்விதான்.

அடுத்து சிம்பாங் பூலாய். சைக்கிளில் டயருக்குப் பதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயைச் சுற்றியிருந்தார் சொக்கநாதன். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த பேரா மாநிலத்தில் டயர் கிடையாது. எலும்பெல்லாம் இடம் மாறிப் போய்ச் சேர்ந்தபோது, பத்துமலை தம் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாலா! எங்க உங்க சல்லட? இந்தத் தடவ வலையாச்சும் கொண்டு வரானா?"

"எறந்துட்டார் அண்ணே. மூணு வாரம் ஆச்சு."

பத்துமலை கத்தியைக் கீழே வைத்தார். அவர் சத்தம் நின்றதும் அடுத்த வீட்டு மாரியம்மா, இவருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தாள்.

"எவனும் சொல்லலியே மச்சான். அவனுக்குன்னு புதுசா ரெண்டு கிண்டல் யோசிச்சு வெச்சிருந்தேனே. இனி அத எவன்கிட்டச் சொல்றது?"

சொக்கநாதன் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குள் இருக்கும் ஜொஹரா பீவியைப் பற்றியும் சொன்னார்.

"எங்க ஆளுங்க வாயத் தெறக்க மாட்டாங்க. தெறந்தா நான் அடைக்கிறேன்" என்றார் பத்துமலை. "உங்க தலைவர் வாய யாருலா அடைக்கிறது?"

ஞாயிறு வந்தது. ஜப்பான்காரன் மாற்றி வைத்த தோக்கியோ நேரப்படி மணி ஐந்து, எங்கள் வயிற்று நேரப்படி மூன்றரை. தோட்டத்திலிருந்து முந்நூறு பேர் நடந்தே வந்திருந்தார்கள். அனுமதி கொடுத்த ஜப்பான் அதிகாரி ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி முதலில் தோக்கியோ இருப்பதாகத் தலைவர் கைகாட்டிய திசையில் எல்லாரும் சக்கரவர்த்திக்குக் குனிந்து நிமிர்ந்தோம்.

அதன் பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஒரு நிமிடம் என்றால் யார் கணக்கில்? அதிகாரியிடம் கேட்கத் துணிவில்லை; எங்களில் ஒருவர் கையிலும் கடிகாரம் இல்லை. பறிபோன கடிகாரங்களெல்லாம் ஜப்பான் சிப்பாய்களின் முழங்கை வரை ஏறியிருந்தன. நடுவர் ஜெயபாலன் சிலிபின் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர்.

"நாடியப் பாத்துக்கறேன். எழுவத்திரண்டு அடிச்சா ஒரு நிமிஷம்" என்றார். தம் இடது மணிக்கட்டைத் தாமே பிடித்துக்கொண்டு விசில் ஊதினார்.

திடல் அடங்கியது. முந்நூறு தோட்டத்துக்காரர்கள் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். காற்றில் அத்தாப்பு ஓலைக் கூரை சலசலப்பது கேட்டது. ஷரபுதீன் வீட்டுச் சன்னல் ஓர் அங்குலம் திறந்திருந்தது.

ஜெயபாலன் நேர்மையானவர். அதுதான் வினை. நாற்பதுக்குப் பக்கத்தில், தாம் நாடி பார்த்த ஷரபுதீனின் கடைசிக் காய்ச்சல் ஞாபகம் வந்து, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. உத்தேசமாக ஊதிவிட மனம் வரவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

நிமிடம் நீண்டுகொண்டே போனது. எவரும் அசையவில்லை. நாற்காலியிலிருந்த அதிகாரி, ஏதோ பெரிய இடத்துக் காரியம் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து தொப்பியைக் கழற்றினார். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு அமைதியாக, அதுவும் அதிகாரி நின்றபடி, கையில் நாலு பக்கத்தோடு தாம்! மெய்யப்பனால் எவ்வளவு நேரம்தான் தாங்க முடியும்?

"பெருமக்களே!" என்றார்.

ஜெயபாலனுக்கு எண்ணிக்கை மறுபடி போயிற்று. சொக்கநாதனுக்கு உயிரே போயிற்று.

எதிர்ப்பக்கத்திலிருந்து பத்துமலை புறப்பட்டார். பேராவிலேயே பெரிய குரல்காரர் நுனிக்காலில் திடலைக் கடந்து வருவதை அன்றுதான் பார்த்தோம். வந்தவர் தலைவர் கையிலிருந்த தாள்களை மெல்ல வாங்கினார், நாலாக மடித்தார், தலைவரின் சட்டைப் பையிலேயே வைத்துத் தட்டிக் கொடுத்தார். பிறகு அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பால் வெட்டி உரமேறிய கை. தலைவர் ஓர் அங்குலம் குள்ளமாகிவிட்டார்.

ஜெயபாலன் மூன்றாம் முறை ஒன்றிலிருந்து எழுபத்திரண்டு வரை எண்ணி விசில் ஊதியபோது, ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, உடைந்த மலாயில் மெய்யப்பனைக் கேட்டார்: இறந்தவர் அவ்வளவு பெரிய கோலியா? எத்தனை பந்து பிடித்திருப்பார்?

ஆறாண்டுத் தலைமையில் மெய்யப்பன் ஒரு நாளும் ஆட்டத்தைக் கவனித்ததில்லை. நன்றாகக் கவனித்த நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"செமுவா, துவான்!" என்றார் பத்துமலை, எல்லாமே ஐயா என்று மலாயில். அதிகாரி பக்கத்தில் இருந்தார். பத்துமலையின் முகமோ வடக்குக் கோல் கம்பத்தைப் பார்த்து இருந்தது. அடக்கி வைத்த இரண்டு நிமிடக் குரலையும் சேர்த்து எடுத்தார். "எல்லாத்தையும் புடிச்சாரு! பத்து வருஷத்துல எங்க பந்து ஒண்ணுகூட உள்ள போனதில்ல!"

முந்நூறு தோட்டத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். ஷரபுதீனுக்கு எதிராகப் பத்தொன்பது கோல் போட்ட அவர்களது முன்னாட்டக்காரர்தான் அதிகமாக ஆட்டினார். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டவர்கள் சிலிபின்காரர்கள் மட்டும்தான்.

ஆட்டம் முடிந்ததும் சொக்கநாதன் சட்டையை மாற்றாமலே அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு தம்பி. அந்தப் பெரிய கொரல் பத்துமலதானே?"

"ஆமாக்கா."

திரைக்குப் பின்னால் ஜொஹரா பீவி சிரிப்பது கேட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

"நல்ல மனுஷன். ஆனா பொய் சொல்லத் தெரியல. ஒண்ணு ரெண்டு உள்ள போச்சுன்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன்."