பதினேழாம் எண் வீட்டுக்கு வந்த கடல்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் பதினேழாம் எண் வீட்டுக்குள் கடல் முதன்முதலாக வந்தது 2022 மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து இருபதுக்கு. கணுக்கால் வரை ஏறி நின்றது, நாலு மணிக்கு மேல் வற்றிப் போனது. கடற்கரை ஊரான லூமுட் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர். நடுவில் உள்ள ஊர்களில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மா தன் பக்கத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. தண்ணீர் இலாகாவிலிருந்து வந்தவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, குழாய் உடைப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்.

அந்த வீட்டுக் கலாதேவி கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். ஒருமுறை, மீன்தொட்டிக் கண்ணாடியில் படிந்த பாசியைத் தின்னட்டும் என்று ஈப்போவில் பத்துச் சின்ன இறால்களை வாங்கிவந்தாள். விரல் நுனி அளவுதான் இருக்கும், உடம்புக்குள் போன சாப்பாடு வெளியே தெரியும். இரண்டே மாதத்தில் வயிற்றடியில் கடுகைவிடச் சிறிய முட்டைகளைச் சுமந்தன. குஞ்சுகள் பொரிந்து, இமைமுடித் துண்டுகள்போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நீந்தின. மூன்றாம் நாள் எல்லாம் செத்தன. அடுத்த ஈடும் செத்தது. இப்படிப் பதினான்கு ஈடு. பிறகுதான் முகநூலில் யாரோ எழுதியிருந்ததைப் படித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். தாய் இறால் ஓடையில் வாழும், குஞ்சுகளை நீரோட்டம் முகத்துவாரத்துக்கு அடித்துக்கொண்டு போகும். உப்பில்லாமல் அவை மூன்று நாள் தாங்காது. நாற்பது நாள் கழித்து நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதும் நல்ல தண்ணீருக்குத் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் அந்த உப்பே கொன்றுவிடும்.

கணவன் சுகுமாரன் லூமுட்டிலிருந்து ஈப்போ சந்தைக்கு மீன் லாரி ஓட்டினான். கேட்டதும் சரியென்று முப்பது லிட்டர் பிடிக்கும் நீலப் பீப்பாய், தோங், இரண்டை லாரியில் ஏற்றிக்கொண்டான். வாரம் ஒருமுறை படகுத்துறைப் படியில் இறங்கிக் கடல்நீர் அள்ளிவந்து பின்னறையில் இறக்கினான். அவள் அதில் நல்ல தண்ணீர் கலந்து, உப்பு அளக்கும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பாள். வெயிலில் போத்தல் போத்தலாகப் பாசி வளர்த்து, அந்தப் பச்சை நீரைத் தீனியாக ஊற்றுவாள். முதல் முறை பதினொன்று பிழைத்தன. இப்படி இரண்டு வருடம் போனது. 2022 பிப்ரவரியில் தொட்டியில் நானூறு குஞ்சு இருந்தன.

பிப்ரவரி கடைசி ஞாயிறு சுகுமாரன் படகுத்துறைக்குப் போகவில்லை. ஜெலாப்பாங் கோப்பிக் கடையின் பின்குழாயில் இரண்டு தோங்கையும் நிரப்பி, சமையல் உப்பைக் கரைத்து எடுத்துவந்தான். கண்ணாடிக் குழல் சரியான எண்ணைத்தான் காட்டியது. திங்கள் காலை நானூறும் மாவு கொட்டியதுபோல அடியில் கிடந்தன. கலாதேவி தோங்கில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

“இது லூமுட் தண்ணியா?”

“ஆமாலா. வேற எங்க போயி அள்ளுவேன்?”

“வெறும் உப்பு கரிக்குது. கடலு இப்படி இருக்காது.”

அவன் தரையைப் பார்த்தான். அவள் கத்தவில்லை. அவனுடைய சட்டைகளை ஒரு பையில் வைத்து வாசலில் வைத்தாள். தாப்பாவில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தான். ஒன்பதாம் நாள் கடல் வந்தது.

அவளிடம் முட்டையோடு இரண்டு தாய் இறால்கள் மிச்சமிருந்தன. வந்த தண்ணீரில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்தாள், கடல்தான். அதன் பிறகு அதைப் பற்றி யோசிக்கவில்லை, அதையே அள்ளித் தொட்டியில் நிரப்பிப் பொரிந்த குஞ்சுகளை விட்டாள். சோபாவைச் செங்கல் மேல் ஏற்றினாள், நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளி வந்த கடல் ஏற்றத்தை நாள்காட்டியில் குறித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில் குளிர்ப்பெட்டியின் காலில் சிப்பி ஒட்டியது. ஒரே சிரமம், வீட்டுக் குழாயிலும் உப்புத்தான் வந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரும், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரும்கூட, நிலைப்படியைத் தாண்டியதும் கரித்தது. சமைப்பதும் குளிப்பதும் வீரம்மா வீட்டில். பொரிந்த முப்பத்தொன்பதாம் நாள் ஒரு குஞ்சு நிமிர்ந்து நடந்தது. மறுநாள் செத்துக் கிடந்தது. இன்னும் இருநூறு, நிமிரும் தறுவாயில் இருந்தன, அந்த நிலையில் வேறு வீட்டுக்குத் தூக்கிப்போனால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். வீரம்மா ஆறு வாளி தூக்கி வந்து பார்த்தார், ஆறும் உப்பாகின. கலாதேவி தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, கையுறைத் தொழிற்சாலையின் பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அழாதவள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீரம்மா வெளியே வந்து தாப்பாவிலிருந்த சுகுமாரனைத் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, ஒம் பொஞ்சாதி அழுவுறா. நல்ல தண்ணிக்கு வழியில்ல. நீ வந்து பாரு.”

“நான் கொண்டாந்தா வாங்குவாளாக்கா?”

“அது எனக்குத் தெரியாது. நீ வா.”

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரம் ஒரு ஓடை விழுகிறது. சுகுமாரன் ஒரு தோங் நிறைய அதில் பிடித்துக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். வீட்டில் ஏற்றம் முழங்காலுக்கு நின்றது. வாசலிலேயே நின்றான். உள்ளே கொண்டுபோனால் இதுவும் உப்பாகும், மறுபடியும் ஏமாற்றினான் என்றுதான் அவள் நினைப்பாள் என்று பயந்தான். கலாதேவி விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

“எங்க புடிச்சது?”

“தாப்பா மல ஓட தண்ணி. சத்தியமா.”

“உள்ள கொண்டாங்க.”

தோங்கைத் தோளில் ஏற்றி உள்ளே நடந்தான். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். பின்னறையில் இறக்கியதும் அவள் மறுபடி நக்கிப் பார்த்தாள். உப்பேறாமல் இனிப்பாகவே இருந்தது. ஏன் என்று அன்றும் பிறகும் யாருக்கும் விளங்கவில்லை. தோங்கிலிருந்து இழுத்த மெல்லிய குழாயை முடிச்சுப் போட்டு, நொடிக்கு ஒரு சொட்டாகத் தொட்டியில் விட்டார்கள்.

“இடுப்புக்கு என்னங்க?”

“ஒரு வருஷமா அப்படித்தான். அன்னிக்கு படியில எறங்க முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

கலாதேவி சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடுப்பு வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பஸ் ஏறி லூமுட்டுக்குப் போயிருப்பேன். நானூறு உசுரு.”

“தெரியும், கலா.”

“அஞ்சு லிட்டர் போத்தல்ல கொண்டாங்க இனி.”

நூற்று முப்பத்திரண்டு நிமிர்ந்து நடந்தன. சுகுமாரன் அன்று தாப்பாவுக்குத் திரும்பினான். மறுநாள் சின்னப் போத்தல்களோடு வந்தான், மறுவாரமும் வந்தான். வேறு யார் தூக்கி வந்தாலும் கரிக்கும் என்பதைக் கலாதேவி மூன்று பேரை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, ஜூலையில் அவனுடைய சட்டைகள் வீட்டுக்குத் திரும்பின. பக்கத்து வீட்டு நாய்க்குப் பழகுவதுபோல அந்தத் தெரு கடலுக்கும் பழகியது. மின்சார மீட்டர் பார்ப்பவர் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு வந்தார். தபால்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்த வருடத் தீபாவளிக்குக் கலாதேவி எல்லோருக்கும் வாட்ஸ்அப் அனுப்பினாள்: திறந்த இல்ல உபசரிப்பு, யாரும் வரலாம், காலை பதினொன்று முதல் மூன்று வரை, அதற்குப் பிறகு வருபவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும். நாலு மணிக்கும் இருபது பேர் வந்தார்கள். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கறியில் காரம் கூடிவிட்டது என்று பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். மிதந்து சமையலறைப் பக்கம் போன முறுக்குத் தட்டைச் சுகுமாரன் பின்னாலேயே போய்ப் பிடித்துவந்து, அடுத்தவருக்கு நீட்டினான்.