டீசல் மேல் விழுந்த பழி

சனிக்கிழமை மதியம் லோர்னா ஃபோன் செய்து, விளக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

நான் பூனை வளர்த்த காலத்தில் வாங்கிய புற ஊதா டார்ச் அது. இருட்டில் அடித்தால், கம்பளத்தில் காய்ந்துபோன மூத்திரம் மங்கிய மஞ்சளாக ஒளிரும். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத்தில், எங்கள் தெருவில் அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

லோர்னா பக்கத்து வீடு. அக்டோபரில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டாள். வெர்லின் இரண்டு பெட்டிகளோடும் ஒரு கிழட்டு லாப்ரடாரோடும் வந்து சேர்ந்தார். நாயின் பெயர் டீசல்.

பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனேன்.

"இங்க பாரு, ஆர்லிஸ்." டிவி முன்னால் இருந்த தன் சாய்வு நாற்காலியின் பக்கத்தைக் காட்டினாள் லோர்னா. "காலையில வந்து பாத்தா ஈரம். இந்த வாரம் மூணாவது தடவை. நாத்தம் வருதா இல்லையா?"

குனிந்து முகர்ந்தேன். நாய் வாசனை வந்தது. நாய் இருக்கிற வீட்டில் வேறென்ன வரும்?

"நாளைக்கு ஃபார்கோல இருந்து வெர்லினோட மக ஜோலீன் வர்றா. டீசலைக் கூட்டிட்டுப் போயிடுவா. பண்ணை வீடு. நல்லா ஓடி விளையாடலாம்."

"அதுக்குப் பதிமூணு வயசு," என்றார் வெர்லின். "எங்க ஓடுறது?"

அவ்வளவுதான் சொன்னார். அவள் வீடு, அவள் கம்பளம். எங்கள் ஊர் ஆண்கள் அதற்கு மேல் பேசுவதில்லை. காலடியில் படுத்திருந்த டீசலின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அனுப்புறதுன்னு முடிவே பண்ணிட்டே. அப்புறம் நான் எதுக்குடி?" என்றேன் லோர்னாவிடம்.

"எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கழுவ முடியும்?"

ஜன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டோம். வெளியே பனியில் பட்ட வெயில் ஓரங்களில் கசிந்தது. அங்கெல்லாம் துண்டு செருகினோம்.

இதற்குள் வெர்லின் கராஜிலிருந்து ஒரு நீளக் குழல் விளக்கோடு வந்தார்.

"ஏரி வீட்டுல கிணத்துத் தண்ணிக்குப் போட்டிருந்தது. இதுவும் புற ஊதாதான். உங்க டார்ச்சை விடப் பெருசு."

"கோழியும் பறவை, கழுகும் பறவை. கீழ வைங்க வெர்லின். அது கிருமியைக் கொல்ற விளக்கு. உறைக்கு வெளிய வச்சு எரிச்சா தோல் வெந்துரும். வெல்டிங்கை வெறுங்கண்ணால பாத்த மாதிரி கண்ணு போயிரும். நாய் மேல இருக்கிற குத்தத்தைப் பாக்க வந்து நாம மூணு பேரும் குருடாகணுமா?"

வைத்துவிட்டார். என் டார்ச் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அதற்கும் கண்ணாடி வேண்டும். வேட்டைக்குப் போடும் மஞ்சள் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

"இது வேண்டாம். மஞ்சக்காமாலைக்காரன் பாத்த கதையா ஆயிடும். பாக்கிறதெல்லாம் உங்க நாயோடதாத் தெரியும்."

மரம் அறுக்கும்போது போடுகிற வெள்ளைக் கண்ணாடிகளைக் கொண்டுவந்தார். மூவரும் மாட்டிக்கொண்டோம். டீசலைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அதற்குக் கண்ணாடி போட முடியாது.

"விளக்கு தரையைத்தான் பாக்கும். யாரும் குனிஞ்சு விளக்குக்குள்ள பாக்கக் கூடாது."

போட்டேன். முதலில் வெர்லினின் வெள்ளைக் காலுறைகள் பளீரென்று எரிந்தன. லோர்னா அலறினாள்.

"துவைச்ச சோப்புத் தூள்டி. அதுவும் இந்த விளக்குல ஒளிரும்," என்றேன்.

சோபாவை நகர்த்தினோம். பின்னால் கம்பளத்தில் மங்கிய மஞ்சள் திட்டுகள். இரண்டு பெரியவை, நடுவில் ஒரு சின்னது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்றாள் லோர்னா.

இருட்டில் வெர்லின் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"இந்த சோபாவைக் கடைசியா எப்ப நகத்தினே?" என்று கேட்டேன்.

"மிட்சி இருக்கும்போது."

மிட்சி அவளுடைய பூனை. போன வருஷம் செத்துப்போனது.

"சுவத்துக்கும் சோபாவுக்கும் நடுவுல கையே போகலையே. டீசல் இதுக்குள்ள நுழைஞ்சிருந்தா, தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிட்டிருக்கணும்."

"மிட்சி அப்படியெல்லாம் பண்ற பூனை இல்ல."

"பண்ணியிருக்கா."

லோர்னா சாய்வு நாற்காலியின் பக்கம் போனாள். விளக்கை அங்கே திருப்பினேன்.

நீலம். அடுப்பு நெருப்பு போன்ற தெளிவான நீலம்.

"இது மூத்திரம் இல்ல," என்றேன்.

"வயசான நாய்க்கு நீலமாப் போகுமோ என்னவோ."

"போனா டாக்டரைக் கூப்பிடணும். ஃபார்கோவை இல்ல."

விளக்கை நகர்த்தும்போது நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் ஒரு கிளாஸ் மேல் வெளிச்சம் பட்டது. அதன் அடியில் விரலளவு மிச்சம். அதே நீலம்.

"இதுல என்ன?"

"டானிக் சோடா. ராத்திரியில கால் நரம்பு இழுக்குது. அதுல கொயினா இருக்காம், நல்லதாம்."

"இந்த விளக்குல கொயினாதான் நீலமா ஒளிரும். டிவி பாத்துக்கிட்டே குடிப்பியா?"

"ஆமா."

"கிளாஸைக் கையில வச்சுக்கிட்டே தூங்கிடுவியா?"

"நான் தூங்குறதில்ல. கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பேன்."

"குறட்டை விட்டுக்கிட்டே கேப்பா," என்றார் வெர்லின்.

டார்ச்சை அணைத்தேன். லோர்னாவே போய்ப் போர்வையை விலக்கினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான்.

சமையலறைக்குப் போய் எலுமிச்சை கேக் துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்தாள். டீசலும் பின்னாலேயே வந்தது. நான் வேண்டாம் என்றேன். வெர்லினும் வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினாள். மறுபடியும் வேண்டாம் என்றோம். எங்கள் ஊரில் மூன்றாம் முறைதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டீசலுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் தடவையே வாங்கிக்கொண்டது.

"மெதுவாடா," என்றாள் லோர்னா. இன்னொன்றும் கொடுத்தாள்.

பிறகு ஃபோனை எடுத்தாள்.

"ஜோலீன், நாளைக்கு வராதே கண்ணு. ரோடு ரொம்ப மோசம். ஆமா, ஒரே பனி. இல்லல்ல, அடுத்த வாரமும் இப்படித்தான் இருக்கும்போல. வசந்தம் வந்தப்புறம் சும்மா பாத்துட்டுப் போ."

ஜன்னல் வழியே பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சாலை காய்ந்து கறுப்பாகக் கிடந்தது. பேப்பர் போடுகிற பையன்கூட சைக்கிளில் போவான்.

வெர்லினும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார். "ரொம்ப மோசம்."