சித்திரையில் பச்சைப் புல்

சின்னையனுக்குத் தண்ணீர் இல்லாததில்கூட அவ்வளவு வருத்தம் கிடையாது. அது பிறத்தியாருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். கேரள எல்லையில், முதலமடையிலிருந்து கோபாலபுரம் போகிற ரோட்டில், மாந்தோப்பின் முகப்பை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். மகள் யோகப்பிரியாவின் கல்யாணம்தான் அதில் பெரிய கல்யாணமாக நடக்க வேண்டும். முகூர்த்தம் வைகாசியில். பொள்ளாச்சிச் சம்பந்தக்காரர்கள் காரைவிட்டு இறங்கியதும் கண்ணில் படுவது பச்சையாக இருக்க வேண்டும் என்று மண்டபத்துக்கு முன்னால் அரை ஏக்கருக்குப் புல் போட்டார்.

போட்டுக் கொடுத்தவன் திருச்சூர்க்காரன் டிஜோ. ஓட்டல், ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று பெரிய கட்டிடங்களாகப் பார்த்துத் தோட்டம் போடுகிறவன். “சேட்டா, இதுக்குத் தண்ணி வேண்டா. அடிக்கடி வெட்டவும் வேண்டா. வேனல்ல காஞ்சு கிடக்கும், ஆனா சாகாது. உறங்குதுன்னு வெச்சுக்கோ. மழை வந்தா தானே எழுந்திரிக்கும்” என்றான். ‘தண்ணி வேண்டா’ என்றதோடு சின்னையனின் காது கடையைச் சாத்திவிட்டது. மீதிக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவைத்தார். வாசலில் ஒரு பலகையும் நட்டார்: ‘இது தண்ணீர் குடிக்காத புல்.’

ஐப்பசி மழையில் வேர் பிடித்த புல் தை வரைக்கும் ஜோராக நின்றது. மாசியில் மஞ்சளித்தது. பங்குனியில் டிஜோ சொன்ன சொல் தவறாமல் வைக்கோல் நிறத்தில் படுத்துத் தூங்கிவிட்டது. அந்த மண்டபத்தில் நாணயமாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மாங்காய் லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டித் துக்கம் விசாரித்தார்கள். “ஏனுங்க, புல்லு போயிருச்சுங்களா?” சின்னையனுக்கு உடம்பெல்லாம் கூசியது. காய்ந்த காட்டைக் காட்டியா பெண்ணைக் கட்டிக் கொடுப்பது?

“அந்தப் பையன் அப்பவே சொன்னானில்லீங்க, தூங்கும்னு? தூங்கட்டும் உடுங்க” என்றாள் மனைவி ராசம்மாள்.

“தூங்கறதுக்கா அத்தனை காசு குடுத்தேன்? எந்திரிக்க வெக்கறேன் பாரு!”

மறுநாள் காலையிலேயே போர்வெல் மோட்டார் ஓடியது. தண்ணீர் குடிக்காத புல், பலகைக்குப் பக்கத்திலேயே சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது. எதிரே தெருக்குழாயில் காலிக் குடத்தோடு காத்துக்கிடந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். “அடுத்த பொறப்புல அந்தப் புல்லாப் பொறக்கோணும்” என்றாள் ஒருத்தி. சின்னையன் காதில் அதுவும் விழவில்லை. புல் பச்சையாகிவிட்டது, அவருக்கு அது போதும்.

சித்திரையில் நிமி வந்தாள். தோட்டத்துக்குப் போர்வெல் தண்ணீர் விடுகிற இடங்களில் மழை வரும்வரை மோட்டாருக்கு சீல் வைக்க வந்த அதிகாரி. எல்லாரும் பயந்தார்கள். சின்னையன் பயப்படவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்து, பலகையைக் காட்டி, “ஒரு சொட்டுத் தண்ணி உடறதில்லீங்க மேடம்” என்றார்.

நிமி பலகையைப் படித்தாள். புல்லைப் பார்த்தாள். “இதே புல்லு எங்க ஆபீஸ் முன்னாலும் உண்டு, சேட்டா. இப்போ சருகு மாதிரி கிடக்கு. தண்ணி விடலைன்னா இந்த மாசத்துல அது அப்படித்தான் கிடக்கணும். உங்களோடது மட்டும் எப்படிப் பச்சை?”

“எங்க மண்ணு ராசியான மண்ணுங்க.”

“பாக்கட்டே” என்று அவள் புல்லில் கால் வைத்தாள். அந்த ஊரில் சித்திரை மாதத்து மண் கடப்பாரையையே எகிற வைக்கும். நிமியின் செருப்போ சேற்றில் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. அவள் வெறுங்காலோடு மோட்டார் ரூமுக்கு நடந்தாள்.

புல் காய்ந்து கிடந்திருந்தால் இளநீரைக் குடித்துவிட்டுப் பாராட்டிவிட்டுப் போயிருப்பாள். அது சின்னையனுக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

தண்ணீர் இல்லாமல் பந்தி ஏது? லாரித் தண்ணீர் ஊர்க்காரர்கள் குடிக்கவே போதவில்லை. கல்யாணம் பொள்ளாச்சியில் ஒரு வாடகை மண்டபத்துக்குப் போனது. அங்கே வாசலில் விரித்திருந்தது பிளாஸ்டிக் புல். அதன்மேல் நின்றுகொண்டு சின்னையன் வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டார். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். “ஏனுங்க, சொந்த மண்டபத்தை வெச்சுக்கிட்டு இங்கே எதுக்குங்க?” பெண்ணை அனுப்பும்போது வர வேண்டிய அழுகை அவருக்கு வாசலிலேயே வந்துவிட்டது.

பிறகு மழை பெய்தது. மோட்டாருக்கு வைத்த சீலைப் பிரித்தார்கள். புல் யாரும் எழுப்பாமல் தானே எழுந்து, கண்ணைப் பறிக்கிற பச்சையில் அரை ஏக்கரையும் மூடியது. அப்போது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் கல்யாண மண்டபத்தை யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஆடி விருந்துக்கு வந்த மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் மட்டும் புல்வெளி ஓரம் நின்று வாயைப் பிளந்தார்.

“என்னங்க மாமா, இத்தனை பச்சையா இருக்குது! எத்தனை தண்ணி உடறீங்க?”

“ஒரு சொட்டு உடலீங்க மாப்பிள்ளை” என்றார் சின்னையன். அந்தப் புல்லைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நிஜம் அதுதான். “சத்தியமாங்க!”

மாப்பிள்ளை பலகையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எங்கிட்டயுமாங்க மாமா?”